ரோட்டரி இன்ஜினை நான் பிரிக்க விடவில்லை

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கூரைப் பட்டறையில் இருந்துகொண்டு நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன மில்லிலிருந்து உடைந்த இரும்புப் படுகை ஒன்றை எடைக்கு எடுத்துவந்து, எனக்கு வேண்டிய லேத்தை நானே கட்டினேன். அந்த லேத்தில் கடைந்த பம்புகள் அவிநாசிப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தன. உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர்களுக்குத் தேங்காய் உரிக்கும் எந்திரம் செய்து கொடுத்தேன். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியை இழுத்துத் தள்ளும் புளோயர் செய்தேன். அதை வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு கோயில் தேருக்கு இரும்பு அச்சு போட்டுக் கொடுத்தேன். என் இரண்டு பெண்களை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கடன் கேட்டுப் போன பேங்கில் மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து, இவன் ஆறு மாதத்தில் பட்டறையை இழுத்து மூடிவிடுவான் என்று பேசிக்கொண்டார்கள். பெருமை அடிக்கிறான் என்று படிக்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். பெருமைதான் அடிக்கிறேன்.

இவ்வளவு செய்தவனுக்கு, செய்த வேலைகளிலேயே எது பெரிய வேலை என்று கேட்டால், ஒரு காரைப் பிரிக்காமல் விட்டதுதான் என்று சொல்வேன்.

அது ஜப்பான் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் போகும் உடம்பு, பொத்தானை அமுக்கினால் தலையைத் தூக்கும் முன்விளக்குகள். மில் வைத்திருக்கும் ஒரு நாயுடு குடும்பத்தின் கார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். வெளியே வந்தால் எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவார்கள். பெரியவர் அந்தக் காரை வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கி, ரேஸ் எல்லாம் ஓட்டினார். இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. மகள்தான் மில்லையும் பார்த்துக்கொண்டு காரையும் வைத்திருக்கிறார். நான் அவரை அம்மிணி என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஐயா என்பார். மில்லுக்கு பம்பு, புளோயர் வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்பதால் பழக்கம்.

தை மாதத்தில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று நடக்க இருந்தது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதில் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அம்மிணியின் ஆசை. அதற்காக மார்கழியில் காரைத் தேய்த்துக் கழுவி, இன்ஜின் வரைக்கும் பளபளவென்று ஆக்கி வைத்தார்கள். அதன் பிறகுதான் வந்தது கோளாறு.

ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஒரு நிலையில் நிற்காது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்துக்குக் கீழே வந்து அமைதியாக நிற்க வேண்டும். இது சரசரவென்று ஏறும், இறங்கும், செத்துவிடும் போல முனகும், மறுபடி ஏறும். குழந்தை விக்கி விக்கி அழுகிற மாதிரி ஒரு சத்தம். கேட்டுக்கொண்டு நின்றால் நமக்கே மூச்சு முட்டும்.

பெங்களூரிலிருந்து இந்த வகை இன்ஜின் தெரிந்த ஒருவரை அம்மிணி வரவழைத்தார். நல்ல வேலைக்காரர், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. இது ரோட்டரி இன்ஜின். மற்ற இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் பிஸ்டனே கிடையாது. ஓரங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும். அதன் மூன்று மூலைகளிலும் மெல்லிய பட்டைகள் இருக்கும்; அவை அறைச் சுவரைத் தடவிக்கொண்டே போகும். அபெக்ஸ் சீல் என்பார்கள். அப்படி இரண்டு முக்கோணங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெங்களூர்க்காரர் அழுத்தத்தை அளந்து பார்த்தார். பின்னால் இருப்பது சற்றுப் பலவீனம் என்று காட்டியது. சீல் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கிப் பிரித்தாக வேண்டும், சாமான் ஜப்பானிலிருந்து வர வேண்டும், வருகிற வாரம் லாரியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் அம்மிணி எனக்குப் போன் செய்தார். மில்லுக்குப் பின்னால் ஷெட்டில் கார் நின்றது. பக்கத்திலேயே அடுக்கியிருந்த மரப்பெட்டிகளைக் காட்டினார். பெரியவரின் வேறொரு காருடைய இன்ஜின் அதற்குள் கிடந்தது. எப்போதோ ஒருவர் இன்ஜினைப் பிரித்தார், சாமான் வரவில்லை, பிரித்தவரும் வரவில்லை.

"இதுவும் அந்தப் பொட்டிக்குள்ள போயிருமோன்னு பயமா இருக்குதுங்கய்யா," என்றார். "பிரிச்சா அப்பா இதுல மறுக்கா உக்கார மாட்டாருங்க. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் விஷயம். பிரிப்பதா, வேண்டாமா. லாரி வருவதற்குள் முடிவு தெரிய வேண்டும்.

நான் அதுவரை ரோட்டரி இன்ஜினைத் தொட்டதில்லை. ஆனால் அரை மணி நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, உடனே மறுபடி சாவியைத் திருப்பினேன். பட்டென்று பிடித்தது. இன்னொரு தடவை நிறுத்தித் திருப்பினேன். அப்போதும் பட்டென்று பிடித்தது. சீல் போன இன்ஜின் சூட்டில் இப்படிப் பிடிக்குமா? தேய்ந்த பம்பு சூடேறினால் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியாதா? சீலுக்கு வயதாகியிருக்கலாம், செத்துப்போகவில்லை. இன்ஜின் எங்கிருந்தோ திருட்டுக் காற்று குடிக்கிறது என்று அம்மிணியிடம் சொன்னேன்.

கிணற்று பம்போடு வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். தண்ணீரைத் தள்ளுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. காற்று உள்ளே போகும், பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. களிமண்ணைப் பிசைந்து மூட்டு மூட்டாக அப்பிக்கொண்டே போவோம். எந்த மூட்டில் அப்பியதும் பம்பு தண்ணீர் பிடிக்கிறதோ, அங்கேதான் ஓட்டை. கார் இன்ஜினும் காற்றை உறிஞ்சுகிற சாமான்தான். அளந்து விட வேண்டிய காற்றுக்கு மேலே அளக்காத காற்று உள்ளே போனால் அதற்குக் கணக்குத் தப்பும். ஏறும், இறங்கும்.

ஆனால் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பென்சில் தடிமனில் கறுப்பு ரப்பர் ஹோஸ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எலி கூடு கட்டிய மாதிரி கிடக்கும். ஒவ்வொன்றும் உறிஞ்சும் குழாய். ஒவ்வொன்றின் இரண்டு முனையும் சந்தேகம். இன்ஜின் ஓடும்போதே தீப்பற்றும் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துப் பார்ப்பது ஒரு முறை. சூடு, தீ இரண்டுக்கும் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் பட்டால் இன்ஜின் சத்தம் மாறும். அடித்தேன். ஒரு ஹோஸின் முனையில் லேசாக மாறியது. புது ஹோஸ் போட்டேன். பிரேக்குக்குப் போகும் பெரிய ஹோஸ் விறைத்திருந்தது, அதையும் மாற்றினேன். சந்தேகப்பட்ட கிளாம்ப்பையெல்லாம் மாற்றினேன். இன்ஜின் அதே பாட்டைப் பாடியது. பம்பின் இழுப்பைச் சோதிக்கிற வேக்குவம் கேஜை மாட்டினேன். முள் குறைவாகக் காட்டியது, ஆடவும் செய்தது. காற்று போகிறது என்பது நிச்சயம். எங்கே என்பதுதான் தெரியவில்லை.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறையில் லேத்தை ஓடவிட்டுவிட்டு, நடுவில் நிறுத்தி, வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவேன். போய்ப் பார்த்தால் செய்ய ஒன்றும் இருக்காது. திரும்பி வருவேன். வருகிற வழியில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோவின் இன்ஜின் சத்தம் ஒரே சீராகக் கேட்டால் அதன்மேல் எரிச்சல் வரும். சோற்றில் கை வைத்தால் இன்னொரு ஹோஸ் ஞாபகம் வரும். பந்தயம் கட்டியவன் மாதிரி வாய் விட்டிருந்தேன் அல்லவா? தோற்றால், படிக்காத ஆளின் பேச்சைக் கேட்டோமே என்று அம்மிணி வாய் திறந்து சொல்ல மாட்டார். மரியாதையாக ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அதை நினைத்தால்தான் உடம்பு கொதித்தது.

இந்த நேரம் பார்த்து ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் என் மனைவி பக்கத்து இலை. நான் சாப்பிடாமல் விரலால் இலையில் கோடு போட்டுக்கொண்டு, இந்த ஹோஸ் இங்கே, அந்த ஹோஸ் அங்கே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காருக்கு எப்பலருந்து இந்தக் கெரகம்?" என்றாள்.

கழுவியதிலிருந்து என்றேன்.

"நல்லா தேச்சுக் கழுவுனாங்களாமா?"

பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள் என்றேன்.

"நம்மூட்டு வெந்நி அண்டா மாதிரிதான். வருசக்கணக்கா ஒழுகாம இருந்துச்சு. நான் ஒருநா கரியெல்லாம் போகத் தேச்சேன், அன்னைக்கே அடியில சொட்டுச்சு. கரிதான் ஓட்டைய அடைச்சுட்டு இருந்திருக்குது. நீங்க சாப்பிடுங்க, பாயசம் வருது பாருங்க."

பாயசம் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். பந்தியில் பாதியில் எழுந்தால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். பேசட்டும். அவள் அண்டாவைத்தான் சொன்னாள். காரோடு அதைச் சேர்த்துப் பார்த்தவன் நான். அதை வீட்டில் அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நேராக மில் ஷெட். காரைக் கழுவியவர் அந்த வீட்டு டிரைவர். அறுபதை நெருங்குகிற மனிதர், பெரியவர் காலத்திலிருந்தே இருக்கிறார். கழுவும்போது இன்ஜினிலிருந்து என்னென்ன போனது என்று கேட்டேன். தூசிதானுங்கண்ணா என்றார். வேறு? ஆயிலுங்க. வேறு? மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மிணி கூப்பிடுகிறார் போல என்று நழுவப் பார்த்தார்.

"அம்மிணி கூப்புடல. நீ நில்லப்பா. கழுவுனது தப்புன்னு யாரும் சொல்ல வரல."

"நான் எதையும் ஒடைக்கலீங்கண்ணா. சத்தியமாச் சொல்றேன்."

"ஒடைச்சேன்னு ஆரு சொன்னா? என்ன போச்சுன்னுதான கேக்கறேன்."

பிறகு மெதுவாக, "சந்தனமுங்க," என்றார்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தக் காருக்குப் பொட்டு வைப்பவர் அவர்தான். எங்கள் ஊரில் லேத்தானாலும் பம்பானாலும் வண்டியானாலும் முகப்பில் மட்டும் வைத்துவிட்டு நிறுத்த மாட்டோம். முன்னால் வைத்தால் பின்னாலும் வைக்க வேண்டும். இன்ஜினுக்கும் அவர் அப்படித்தான் வைத்திருக்கிறார். பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைப்பது அவருக்கு மனம் ஒப்பாத காரியம். அதன்மேலேயே வைப்பார். வருடா வருடம் சந்தனத்தின்மேல் சந்தனம். இன்ஜின் சூட்டில் அது காய்ந்து, ஆயில் புகை குடித்து, கல் மாதிரி ஆகியிருக்கிறது. ஊர்வலத்துக்கு வெள்ளைக்காரர்கள் எல்லாம் வருவார்கள், இன்ஜின் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, இவர் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டார். சாமி பொட்டைச் சுரண்டியதால்தான் வண்டி படுத்துவிட்டது என்று அவருக்குள்ளே ஒரு பயம். அதனால்தான் வாய் திறக்கவில்லை.

"பின்னாடி எங்க வெப்பே?" என்றேன்.

"அதெப்படிங்கண்ணா சொல்றது. கண்ணுக்குத் தெரியாதுங்க. கை போற எடத்துல வெப்பேன்."

"பேசாம வெச்சுக் காட்டு. இன்னைக்குப் பூசைன்னு நெனச்சுக்க."

அவர் காரின் இடது பக்கம் போய் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். மேலே ஒரு பொட்டு, பேட்டரிக்கு ஒரு பொட்டு, ரேடியேட்டர் பக்கம் ஒரு பொட்டு. பிறகு உடம்பை வளைத்து, இன்ஜினுக்கும் பின்னால் இருக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் கையை விட்டார். தோள் வரை போனது கை. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க விரலுக்கு வாகா ஒரு குமிழ் இருக்குதுங்கண்ணா. அதுமேல வெப்பேன்."

நான் அதே இடத்தில் கையை விட்டேன். காற்றுப் பாதையின் பின்பக்கத்தில் ஒரு சிறிய குழாய்முனை, எதற்கும் மாட்டாமல் விட்டது. அதன் வாயை அடைக்க ரப்பர் தொப்பி. அதைத்தான் குமிழ் என்கிறார். தகரச் சுவரைப் பார்த்து இருப்பதால் கண்ணுக்கும் படாது, நான் அடித்த ஸ்ப்ரேயும் அங்கே போயிருக்காது, பெங்களூர்க்காரர் அடித்திருந்தாலும் போயிருக்காது. நகத்தால் தடவினேன். தொப்பியின் தலையில் குறுக்கே வெடிப்பு.

அம்மிணியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும் காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஏறியது, இறங்கியது, விக்கியது. சூடேறுவதற்குள் கையை உள்ளே விட்டு, அந்தத் தொப்பியின்மேல் கட்டை விரலை வைத்து அமுக்கினேன். விரலை உள்ளே இழுத்தது. அந்த இழுப்பு தெரிந்த அதே நேரம் இன்ஜின் இறங்கி, நடுங்கி, நின்றது. நின்றது என்றால் அணையவில்லை. ஒரே சத்தத்தில் நின்றது. ரோட்டரி நன்றாக ஓடினால் தையல் மெஷின் மாதிரி ஒரு ரீங்காரம். அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

விரலை எடுத்தேன். விக்கல். வைத்தேன். அமைதி.

"முள்ளு எங்க நிக்குதுங்க அம்மிணி?"

"ஆடவே இல்லீங்கய்யா." ஸ்டியரிங்கை விடாமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துராதீங்க, இன்னும் சித்தெ நேரம் வெச்சிருங்க."

வைத்திருந்தேன். கை சுட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் பட்டறைக்கு வரலாம்.

மறுநாள் காலை புதுத் தொப்பி போட்டு, ஒரு கிளிப்பையும் மாட்டினேன். வேக்குவம் கேஜின் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. பெங்களூர்க்காரர் லாரியோடு வந்தார். ஓடவிட்டுக் கேட்டார், கேஜைப் பார்த்தார், கையை விட்டுத் தொப்பியைத் தடவிப் பார்த்தார். சீலுக்கு வயதானது உண்மை, ஆனால் இப்படி ஓடுகிற வரைக்கும் பிரிக்க வேண்டியதில்லை என்று அவரே சொன்னார். போவதற்கு முன்னால் பெட்ரோல் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அது என்னால் ஆகிற வேலை இல்லை. லாரி காலியாகத் திரும்பியது.

ஊர்வலத்தன்று பெரியவரை இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். அம்மிணி ஓட்டினார். அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, அணையாமல் போனது கார். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். பெரியவர் கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் காரின் முன்னால் ஒரு பலகை வைத்திருந்தார்கள். காரின் வரலாறு, குடும்பத்தின் பெயர், அதன் கீழே இன்ஜின் பராமரிப்பு என்று போட்டு பெங்களூர்க்காரரின் பெயர். பெயின்ட் அடித்தவர் பெயர்கூட இருந்தது. கூட்டம் நின்று வாசித்தது. நான் இரண்டு தடவை வாசித்தேன்.

அம்மிணியிடம் கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க நம்மூட்டு மனுசருங்கய்யா. வெளியாளுங்களுக்குத்தான் பேரு போடறது. உங்களுக்குப் போயி போர்டுல பேரான்னு விட்டுட்டேனுங்க."

"ஊட்டு மனுசன்னா பேரு இல்லீங்களா அம்மிணி?"

அவர் காபி வரவழைத்தார். நான் குடித்தேன்.

அதிலிருந்து இன்றுவரை அந்தப் பலகை என்னை உட்கார விடவில்லை. வேலை நடுவில் ஞாபகம் வரும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை நடந்துவிட்டு வருவேன். நான் கடைந்த பம்புகளில் வேறு கம்பெனியின் முத்திரை இருந்தது. அப்போது பிழைக்க வேண்டியிருந்தது, பொறுத்துக்கொண்டேன். தேர் அச்சில் பெயர் எழுதுவது வழக்கம் இல்லை, சரி. இது அப்படி இல்லை. பலகை இருக்கிறது, அதில் இடமும் இருக்கிறது.

இந்த வருடமும் கார் போகிறது, புதுப் பலகை எழுதுகிறோம் என்று அம்மிணி போனில் சொன்னார். அதனால் எல்லாரும் வாசிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். 'உதவியவர்கள்' என்று ஒரு கூட்டமாகப் போட்டு அதன் கடைசியில் என்னைச் சேர்க்க வேண்டாம். பெங்களூர்க்காரரின் பெயர் இருக்கட்டும். டிரைவரின் பெயரையும் போட வேண்டும், அந்த விரல் இல்லாமல் இடம் தெரிந்திருக்காது. அவற்றுக்கு மேலே, தனி வரியில், இன்ஜினைப் பிரிக்காமல் கோளாறு கண்டுபிடித்தவர் என்று எழுதி, என் முழுப் பெயரையும் இனிஷியலோடு, போத்தனூர் என்ற ஊரையும் சேர்த்து, தமிழில், கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கும் தெரிகிற அளவு எழுத்தில் போட வேண்டும்.